டூக்கூ சொல்லாமல் விட்ட பெயர்

ஸ்டார் வார்ஸ் படத்து வில்லன் கவுண்ட் டூக்கூ ஒழுங்காகப் பொய் சொல்லித் தொலைத்திருந்தால் எங்களுக்கு இத்தனை டீச்செலவு ஆகியிருக்காது. வில்லன் என்றால் பொய் சொல்வான், ஏமாற்றுவான், கடைசியில் அடிபட்டுச் சாவான். படம் முடிந்ததும் நாமும் வீட்டைப் பார்த்துப் போகலாம். இந்த மனுஷன் எதிரியைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிட்டு, தனியாகப் போய்ப் பார்த்து, உண்மையைச் சொல்கிறார். அதுவும் சாதாரண உண்மை இல்லை. அந்த நேரத்தில் நல்லவர்கள் ஒருத்தருக்கும் தெரியாத, நம்பியிருந்தால் அடுத்த படமே எடுக்க வேண்டியிராத உண்மை. எதற்காகச் சொன்னார்? 2002-ல் வந்த ஸ்டார் வார்ஸ் இரண்டாம் எபிசோடில் சில நிமிடங்களே வருகிற இந்தக் காட்சிக்காக நாகர்கோவிலில் நாங்கள் நாலுபேர் வருஷக்கணக்கில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

நாலுபேர் என்றால், தக்கலைக்கார வக்கீல் ஒருவர், வயதில் மூத்தவர் என்பதால் எல்லோருக்கும் அண்ணன். மார்த்தாண்டத்தில் கணக்கு டியூஷன் எடுக்கும் நண்பன் ஒருவன். அப்புறம் நானும், என் சித்தி மகனும். ஒரே வாரத்தில் தமிழ்ப் படத்துக்கும் மலையாளப் படத்துக்கும் டிக்கெட் எடுக்கிற மாவட்டம் இது; சினிமா பேச ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒளிவாள் வீசிக் குடியரசைக் காக்கிற ஜெடாய் வீரர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் டீக்கடையில் பக்கத்து பெஞ்ச் காலியாகிவிடும். வேறு யாரும் கேட்கமாட்டார்கள் என்பதாலேயே நாங்கள் நெருக்கமானோம். வடசேரிப் பக்கம் ரசவடை கிடைக்கிற ஒரு கடை, ஞாயிற்றுக்கிழமை என்றால் சங்குத்துறை கடற்கரை. இந்த இரண்டு இடத்திலும் டூக்கூவைப் பற்றி நாங்கள் பேசாதது ஒன்றும் பாக்கி இருக்கும் என்று தோன்றவில்லை. ஆனாலும் அது அடங்கவில்லை.

காட்சியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஜியோனோசிஸ் கிரகத்தில் ஓபி-வான் என்ற ஜெடாய் நீலநிற மின்கதிரில் தொங்கிக்கொண்டு மெதுவாகச் சுற்றுகிறார். ஒருகாலத்தில் தானும் ஜெடாயாக இருந்த டூக்கூ உள்ளே வந்து அவரைச் சுற்றி நடந்தபடியே பேசுகிறார். முதலில் என்ன சொல்கிறார்? இது பெரிய தவறு, எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, உன்னை விடுவிக்க உடனே ஏற்பாடு செய்கிறேன் என்கிறார். பொய். கொஞ்சநேரம் முன்புதான் அவர் தலைமையில் கூட்டம் நடந்ததை ஓபி-வான் ஒளிந்திருந்து கேட்டிருக்கிறார். அடுத்து, ஜாங்கோ ஃபெட் என்று ஒருவனைத் தேடி வந்தேன் என்று ஓபி-வான் சொல்ல, எனக்குத் தெரிந்து அப்படிப்பட்ட கூலிக் கொலைகாரர்கள் யாரும் இங்கே இல்லையே என்கிறார். அதுவும் பொய். ஜாங்கோவை வேலைக்கு அமர்த்தியதே டைரேனஸ் என்ற பெயரில் இதே டூக்கூதான் என்பது படம் முடிகிற நேரத்தில் நமக்குத் தெரியவரும். இந்த இரண்டு பொய்யையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, குரலைச் சற்றே தாழ்த்தி, குவாய்-கான் உயிரோடு இருந்திருந்தால் நன்றாயிருக்கும் என்கிறார். குவாய்-கான் அவருடைய மாணவர், ஓபி-வானுக்கு ஆசான். அதற்குப் பிறகுதான் விஷயத்துக்கு வருகிறார்: குடியரசு ஒரு சித் பிரபுவின், அதாவது ஜெடாய்களின் பரம எதிரியான இருள்பக்கத்தான் ஒருவனின், பிடியில் இருக்கிறது, நூற்றுக்கணக்கான செனட்டர்கள் அவன் கைக்குள், அவன் பெயர் டார்த் சிடியஸ். என்னோடு வா, சேர்ந்து அவனை ஒழிப்போம்.

சிடியஸைப் பற்றிச் சொன்ன அத்தனையும் நிஜம். ஓபி-வான் முடியாது என்கிறார். அப்படியானால் உன்னை விடுவிப்பது சிரமம் என்று சொல்லிவிட்டு டூக்கூ போய்விடுகிறார். பின்னால் ஓபி-வான் இதைப் பெரியவர்களிடம் சொல்கிறார். டூக்கூ இருள் பக்கம் போனவன், பொய்யும் அவநம்பிக்கையும் பரப்புவதுதான் இனி அவன் வேலை என்று ஜெடாய் சபையின் மூத்தவரான யோடா ஒதுக்கிவிடுகிறார். அதே சபையின் மேஸ் விண்டு மட்டும், இருந்தாலும் செனட்டின் மேல் ஒரு கண் வைப்போம் என்கிறார். அதே நேரத்தில் டூக்கூ குடியரசின் தலைநகரான கோரஸ்கன்டில், தன் எஜமானனான அந்த சிடியஸ் முன்னால் நின்று, போர் ஆரம்பித்துவிட்டது என்று நல்ல செய்தி சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எங்கள் கட்சிகள்

மார்த்தாண்டத்துக்காரன் சொல்வது ஒரே சொல்: சூழ்ச்சி. "உண்மையச் சொன்னா எவன் நம்புவான்னு அவனுக்குத் தெரியும் மக்கா. அதான் முதல்ல ரெண்டு பொய்யப் போட்டான்." அதாவது, ஓபி-வானால் கண்டுபிடிக்கக்கூடிய பொய்களை முன்னால் வைத்து, உண்மையை அவற்றின் பின்னால் நிறுத்தியதால் உண்மையும் பொய்யாகிவிட்டது. இனி வேறு யாராவது வந்து செனட்டில் சித் இருக்கிறான் என்றாலும், அது டூக்கூ பரப்பிய கதை என்று ஜெடாய்கள் தள்ளிவிடுவார்கள். எஜமானனுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு எது? கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கு வாத்தியாருக்கு எல்லாம் முழு எண்ணாக வந்தாக வேண்டும் என்பது என் சந்தேகம். அவநம்பிக்கையை விதைக்க நினைத்தவனுக்கு எத்தனையோ பொய்கள் இருக்கின்றன. நிஜமான பெயரை எடுத்துக் கொடுத்து விளையாட வேண்டியதில்லை. மேஸ் விண்டு அந்த ஒற்றை வரியைச் சொல்லிவிட்டாரே, அது ஆபத்தில்லையா?

சித்தி மகனுடைய கட்சி வேறு. சித் என்றால் எப்போதும் இரண்டே பேர், ஒரு குரு, ஒரு சீடன். 1999-ல் வந்த முதல் எபிசோடின் கடைசியிலேயே யோடா இதைச் சொல்லிவிடுவார். சீடனின் வேலையே ஒருநாள் குருவைப் போட்டுத்தள்ளுவது. அதற்கு ஓர் ஆள் துணை வேண்டும். 1980-ல் வந்த படத்தில் டார்த் வேடர் என்ற சித் சீடன் தன் மகனிடம் கேட்பதும் இதேதான்: என்னோடு சேர், பேரரசனை நீ ஒழிக்கலாம். இருபத்திரண்டு வருஷ இடைவெளியில் வந்த இரண்டு படத்துக்குள் இப்படி ஒரு ஒற்றுமை கிடக்கிறது பார் என்று அவன் பெருமையாகச் சொல்வான். பின்னால் எடுத்த படத்தில் முன்னால் எடுத்ததை எதிரொலிக்க வைப்பது இயக்குநருக்குக் கஷ்டமில்லை என்று நான் சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். சின்னப் பையன், விட்டுவிடுவேன்.

என் கட்சியைச் சொன்னால் மற்ற மூன்று பேரும் சிரிப்பார்கள். அந்தக் காட்சியில் குவாய்-கான் பெயரைச் சொல்லும்போது கிழவர் நடிக்கவில்லை என்பதுதான் என் கட்சி. டூக்கூவாக வரும் கிறிஸ்டோபர் லீ அப்போது எண்பதை நெருங்கியவர், பேய்க்கும் பிரபுவுக்கும் வேஷம் போட்டே வாழ்ந்தவர். ஒரு வரியை எப்படி வேண்டுமானாலும் சொல்லத் தெரியும். அந்த வரியை மட்டும் அவர் அவசரமே இல்லாமல், யாரையும் மிரட்டாமல் சொல்கிறார். குவாய்-கானைக் கொன்றது யார்? சிடியஸின் முந்தைய சீடன் மால். தன் மாணவனைக் கொன்றவன் விட்டுப்போன நாற்காலியில்தான் டூக்கூ உட்கார்ந்திருக்கிறார். அப்படிப்பட்டவர் அந்த எஜமானனை ஒழிக்க வேண்டும் என்று ஒரு நிமிடமாவது மனசார நினைத்திருக்கமாட்டாரா?

அண்ணன் அதுவரை எந்தக் கட்சியிலும் சேரவில்லை. வடையின் ஓரத்தைப் பிய்த்துத் தின்றபடி, "கேஸ் கட்ட இன்னும் நான் முழுசாப் படிக்கல" என்பார்.

ஊழலை எதிர்த்தவர் உட்கார்ந்த மேஜை

டூக்கூவின் அரசியலைப் பேசாமல் அவர் மனதைப் பேச முடியாது. ஜெடாய் அமைப்பைவிட்டு அவர் வெளியேறியதற்குக் காரணம் குடியரசின் ஊழல். அதில் ஒரு பொய்யும் இல்லை. வணிகக் கூட்டமைப்பு நாபூ கிரகத்தைச் சுற்றிவளைத்துப் பட்டினி போட்டது. அதன் தலைவன் நூட் கன்ரே உச்ச நீதிமன்றத்தில் நாலு விசாரணை கண்டும் பதவியில் அப்படியே இருக்கிறான் என்று இரண்டாம் எபிசோடிலேயே ஒருவர் புலம்புவார். அண்ணனுக்கு மிகப் பிடித்த வசனம் அது. விண்வெளியிலும் வாய்தாதான் போலிருக்கிறது என்பார். சரி, இந்த அநியாயம் பொறுக்காமல் வெளியே வந்த மனிதர் யாரோடு சேர்ந்து புதுக் கட்சி கட்டுகிறார்? அதே கன்ரேயோடு. கூடவே வங்கிக்காரர்கள், இயந்திரம் செய்பவர்கள், வணிகச் சங்கத்தார். நாபூவின் செனட்டர் பத்மேயின் தலை என் மேஜைக்கு வந்தால்தான் ஒப்பந்தத்தில் கையெழுத்து என்று கன்ரே அடம்பிடிக்கும்போது, நான் சொன்ன சொல் தவறாதவன் என்று டூக்கூ உறுதி கொடுக்கிறார்.

இதை ஒரு முரண் என்று வெளிநாட்டு ரசிகர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். ஊழலை ஒழிக்கிறேன் என்று கட்சியைவிட்டு வெளியேறி, அடுத்த மாதமே அந்த ஊழல் காண்டிராக்டர்களை மேடையில் ஏற்றிய தலைவர்களை நாம் பார்த்ததில்லையா? அவர்களில் பாதிப்பேர் நடிக்கவும் இல்லை. முதலில் அதிகாரம் வரட்டும், அப்புறம் இவர்களைக் கவனித்துக்கொள்ளலாம் என்று உண்மையாகவே நம்பினார்கள். டூக்கூ அப்படி நம்பியவர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நீலியின் வழக்கு

2022-ல் வந்த அனிமேஷன் தொடரில் டூக்கூவுக்கு மூன்று பகுதிகள் ஒதுக்கியிருந்தார்கள். இளம் டூக்கூ, மக்களைக் கவனிக்காத செனட்டர், கூட இருக்கும் சின்ன குவாய்-கான், பிறகு குவாய்-கானின் சாவு, கடைசியில் யேடில் என்ற ஜெடாயைத் தன் கையாலேயே கொல்வது. பார்த்து முடித்ததும் மார்த்தாண்டத்துக்காரன், "பொறப்புக் கதை வந்தாச்சு, இனி கேஸ முடிச்சிரலாம்" என்றான். எனக்கு அது ஒட்டவில்லை. அந்தத் தொடர் நன்றாகவே இருந்தது. ஆனால் அவர் ஏன் வெளியேறினார் என்பதைத்தான் அது சொல்கிறது. வெளியேறிப் பத்து வருஷம் கழித்து ஒரு கைதியிடம் போய் எஜமானனைக் காட்டிக்கொடுத்தது ஏன் என்ற கேள்வி அப்படியே கிடக்கிறது.

பிறப்புக் கதை இருந்தால் எல்லாம் புரிந்துவிடும் என்ற நம்பிக்கை எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சம் அதிகம். வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்ததால் இருக்கலாம். ஆரல்வாய்மொழி தாண்டி, காற்றாலைகளுக்கு நடுவே இருக்கும் முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலில் வண்டியை நிறுத்திக் கும்பிடாமல் போகிறவர்கள் குறைவு. இசக்கி கோயில் கொடைத் திருவிழாவில் நீலி கதை பாடும்போது, புலவர் வீசுகோலால் வில்லைத் தட்டி முதலில் பாடுவது முற்பிறவியைத்தான். கள்ளிச்செடி ஓரத்தில் நகைக்காக ஒருத்தியைக் கொன்றான் ஒருவன். அவள் நீலியாகப் பிறக்கிறாள், கொன்றவன் வணிகனாகப் பிறக்கிறான். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பழையனூர்ச் சபையில் போய், இவர் என் புருஷன், என்னைக் கைவிடப் பார்க்கிறார் என்று அழுகிறாள். வணிகன் அலறுகிறான்: இவள் பேய், என்னைக் கொல்ல வந்தவள். அவன் சொல்வது நூற்றுக்கு நூறு நிஜம். எழுபது வேளாளரும் அவனை நம்பவில்லை. அவன் காவலுக்கு வைத்திருந்த கத்தியையும் வாங்கி வைத்துக்கொண்டு, உன் உயிருக்கு எங்கள் உயிர் பொறுப்பு என்று வாக்குக் கொடுக்கிறார்கள். விடிந்தால் அவன் இல்லை. சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் உயிரை விடுகிறார்கள். குடத்தில் பட்டையால் அடிக்கிற அடி அந்த இடத்தில் வயிற்றுக்குள் கேட்கும்.

எங்கள் வீட்டுக் கொடையில் ஒருதடவை இந்தக் கட்டம் வந்தபோது சித்தி மகன் என் காதில், "அண்ணே, யோடா சபை" என்றான். பக்கத்தில் இருந்த அத்தை முறைத்தாள். பையன் சொன்னது சரிதான். என்ன சொல்கிறான் என்பதை விட்டுவிட்டு, சொல்கிறவன் முகத்தைத்தான் சபைகள் பார்க்கின்றன. ஆனால் நீலி எதற்கு வந்தாள் என்பதில் சபையில் இருந்தவர்களுக்குத்தான் குழப்பம், கேட்டுக்கொண்டிருக்கிற நமக்கு இல்லை. டூக்கூ விஷயத்தில் கேட்கிற நமக்கும் தெரியவில்லை. முற்பிறவிக் கதையைக் கொடுத்த பிறகும் தெரியவில்லை.

அப்ரூவர்

எங்கள் சண்டையின் போக்கு மாறியது அண்ணன் வாயைத் திறந்த நாளில். கோர்ட்டில் ஒரு அப்ரூவர் சாட்சியை நாள் முழுக்கக் குறுக்கு விசாரணை செய்துவிட்டுத் தொண்டை கட்டிப்போய் வந்திருந்தார். நாங்கள் வழக்கம்போல டூக்கூ சொன்னது சூழ்ச்சியா, நிஜமா என்று இழுத்துக்கொண்டிருந்தோம். டீயை வைத்துவிட்டு அவர் கேட்டார்: "எலே, சொன்னதெல்லாம் நெசம்னு எல்லாருக்கும் தெரியும்லா. சொல்லாம விட்டது என்ன?"

எங்களுக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். குற்றத்தில் பங்கு உள்ள ஒருவனுக்கு மன்னிப்புக் கொடுத்து அரசுத் தரப்புச் சாட்சியாக்க வேண்டுமானால் ஒரு நிபந்தனை உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 306-ஆம் பிரிவு. தனக்குத் தெரிந்ததை உண்மையாகச் சொன்னால் மட்டும் போதாது, முழுமையாகவும் சொல்ல வேண்டும். முக்கியமான ஒன்றை மறைத்தால் மன்னிப்பு போய்விடும், அவனும் கூண்டில் ஏற வேண்டியதுதான். "இப்பம் உங்க கெழவன எடு. சிடியஸ்னு ஒருத்தன் இருக்கான்னான். செனட்டர்மாரெல்லாம் அவன் கைக்குள்ளன்னான். அந்த சிடியஸ் யாருன்னு சொன்னானா?"

சொல்லவில்லை. குடியரசின் ஆட்சித் தலைவரான சான்ஸலர் பால்பட்டீன்தான் சிடியஸ்; அந்த ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் போதும். சிடியஸ் என்பது முக்காடு போட்ட பெயர். அதை வைத்துக்கொண்டு ஜெடாய்களால் ஒரு கதவைக்கூடத் தட்ட முடியாது. சான்ஸலர்தான் அவன் என்று சொல்லியிருந்தால், நம்புகிறார்களோ இல்லையோ, அன்றைக்கே அந்த ஆள்மேல் கண் விழுந்திருக்கும். டூக்கூ எல்லாக் கதவையும் திறந்து காட்டிவிட்டு, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு நிற்கிறார்.

எங்கள் மூன்று கட்சியும் அந்தக் கேள்வியில் ஆட்டம் கண்டது. வெறும் சூழ்ச்சி என்றால் சிடியஸ் என்ற பெயர்கூட வெளியே வந்திருக்கக் கூடாது. மனசாட்சி என்றால் பால்பட்டீன் பெயர் வந்திருக்க வேண்டும். பாதி வந்து பாதி நின்றது என்றால் அது பேரம். முன்பணம் கொடுத்தாயிற்று, நீ கையெழுத்துப் போட்டால் மீதி. ஓபி-வான் சரி என்றிருந்தால், டூக்கூவுக்கு எஜமானனை ஒழிக்க ஒரு துணை கிடைத்திருக்கும். முடியாது என்றதால், எஜமானன் விரும்பியபடி ஜெடாய்களுக்குள் ஒரு கலக்கம் விழுந்தது. இரண்டில் எது நடந்தாலும் கிழவருக்கு நஷ்டமில்லை. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்களே, அதைச் செய்தது ஒரு பிரபு என்பதால் நமக்குத் தத்துவம்போலத் தெரிந்திருக்கிறது.

ஆகவே அவருடைய 'உண்மையான நோக்கம்' எது என்று நாங்கள் தேடிக்கொண்டிருந்ததே, அப்படி ஒன்று அந்த அறைக்குள் அவர் நுழையும்போது முடிவாகியிருந்தது என்ற எண்ணத்தில்தான். முடிவாகவில்லை என்றே எனக்கு இப்போது தோன்றுகிறது. தான் யார் பக்கம் என்பதை அவர் ஓபி-வான் வாயிலிருந்து வரும் பதிலுக்கு விட்டிருந்தார். குவாய்-கானைப் பற்றிச் சொன்ன வரி நடிப்பில்லை என்ற என் கட்சியை இன்றும் நான் விடவில்லை. மனசு கனிந்தே பேரம் பேசுகிற ஆட்கள் உண்டு. சொத்துப் பாகப்பிரிவினையில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

வாயைத் திறக்காத கடைசி நிமிடம்

இதை ஏற்றுக்கொள்ளாதவன் மார்த்தாண்டத்துக்காரன் மட்டும்தான். அவன் எடுத்து வைப்பது 2005-ல் வந்த மூன்றாம் எபிசோட். கப்பலில் நடக்கும் சண்டையில் ஓபி-வானிடம் பயின்ற அனகின் டூக்கூவின் இரண்டு கைகளையும் வெட்டிவிடுகிறான். கிழவர் மண்டியிட்டிருக்கிறார், கழுத்தில் கத்தரிபோல இரண்டு ஒளிவாள். நாற்காலியில் கட்டுண்டவன்போல உட்கார்ந்திருக்கும் பால்பட்டீன் சிரித்தபடி, கொன்றுவிடு என்கிறார். டூக்கூ சட்டென்று திரும்பி அவரைப் பார்க்கிறார். "அவனுக்க மூஞ்சியப் பாத்தியா? இவன் யாருன்னு தெரியாதவனுக்க மூஞ்சியா அது?" என்பான் நண்பன். தெரிந்தவனின் முகம்தான், அதில் எங்களுக்குள் சண்டையில்லை. அனகின் தயங்குகிறான், செய்யக் கூடாது என்கிறான். சில நொடிகள் கிடைக்கின்றன. பேரத்துக்காக இத்தனை காலம் பையில் வைத்திருந்த அந்த ஒரு பெயர். அந்த நொடியில் 'சிடியஸ் இவன்தான்' என்று சொல்லியிருக்கலாமே? செத்தாலும் எஜமானனையும் இழுத்துக்கொண்டு போயிருக்கலாமே? ஒரு வார்த்தை பேசாமல் தலையைக் கொடுத்துவிட்டார். பேரம் பேசுகிறவன் இப்படியா சாவான் என்று கேட்கிறான்.

அண்ணனின் பதில் எனக்கு மிகப் பிடித்தது. அந்தப் பெயரைச் சொன்னால் கேட்டு யோசிக்கக்கூடிய ஒரே ஆள் ஓபி-வான். பாதி உண்மை அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது, மீதியைச் சேர்த்தால் முழுசாகிவிடும். ஓபி-வானோ அதே அறையில் மயங்கிக் கிடக்கிறார். அவரைத் தூக்கி எறிந்து, மேலே பாலத்தைச் சரித்து, மயங்க வைத்தது வேறு யாருமில்லை, டூக்கூதான். மிச்சம் இருப்பது அனகின், பால்பட்டீனைத் தகப்பன்போல நினைக்கிறவன். அவனிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

இது நல்ல வாதம். ஆனால் அந்த முகத்தில் 'இனி சொல்லி என்ன பயன்' என்ற கணக்கை நான் பார்க்கவில்லை. பார்த்தது எதிர்பார்ப்பை. எஜமானன் அடுத்த நொடி பேச்சை மாற்றுவான், தன்னிடம் சொன்ன ஏற்பாட்டின்படி கைதியாகப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று கடைசிவரைக்கும் காத்திருக்கிறார். பெயரைச் சொல்லிவிட்டால் அந்த வழி அடைந்துவிடும். ஜியோனோசிஸில் செய்ததையேதான் இங்கேயும் செய்கிறார், இரண்டு பக்கமும் திறந்து வைக்கிறார். இதை நான் சொன்னபோது மார்த்தாண்டத்துக்காரன் பைக் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"ரெண்டு கையும் போன பொறவும் ஒருத்தன் பேரம் பேசுவானால?"

பேசுவான் என்றேன். கடைக்காரர் கணக்கைக் கேட்டார். அன்றைக்கு அண்ணன் கொடுத்தார்.